பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி

"மிஷினை நிறுத்தச் சொன்னது யாரு?"

குடையை மடக்கக்கூட இல்லை அவள். அச்சகத்தின் வாசற்படியில் நின்றபடியே கத்தினாள். பின்னால் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை நனைந்திருந்தாள். கோபமோ தலைக்கு மேல் ஏறியிருந்தது.

உள்ளே இருந்தவர்கள் சட்டென்று குனிந்து அவரவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவன் மட்டும் குனியவில்லை.

"நான்தாங்க. என் அச்சகம்தான். நனையறீங்க... உள்ள வந்து திட்டுங்களேன்."

கேலி செய்கிறானா? நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை. கன்னத்தில் ஒரு மைத் தீற்றல். அதைவிடக் கறுப்பாய், ஈரம் காயாத மை மாதிரி இரண்டு கண்கள்... சே! இப்போது கண்ணையா பார்ப்பது?

அவள் பல்கலைக்கழகத்தில் பாட ஆலோசகர். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எந்தப் பாடத்தை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று உட்கார்ந்து சொல்லும் வேலை. திங்கட்கிழமை புதுமுக மாணவர் அறிமுக நாள். ஆயிரத்து இருநூறு பேர் வருகிறார்கள். எந்த அறையில் யார், எந்த மேசையில் எந்த ஆலோசகர் என்று மூன்று வாரமாக ஒற்றை ஆளாய் அல்லாடியிருக்கிறாள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர். வியாழக்கிழமை மதியம் அச்சகத்திலிருந்து, 'கையேட்டை நிறுத்தி வச்சிருக்கோம்' என்று போன் வந்தால் பட்டாசு வெடிக்காமல் என்ன செய்யும்?

"பதினாலாம் பக்கத்துல தப்பு இருக்கு மேடம்."

"எழுத்துப் பிழைன்னா திருத்திக்க வேண்டியதுதானே?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. சொல்ற விஷயம்தான் தப்பு."

"சார்... கொடுத்ததை அச்சடிக்கறது உங்க வேலை. என்ன சொல்லணும்கறது எங்க வேலை. உங்களைப் படிக்கச் சொன்னது யாரு?"

"போன வருஷம் படிக்காமதான் அச்சடிச்சேன்" என்றான் அவன். குரல் உயரவில்லை. ஆனால் அதற்குள் இருந்த சூடு அவளுடைய சூட்டுக்குக் குறைந்ததாக இல்லை.

மேசை இழுப்பறையிலிருந்து பழைய கையேட்டை எடுத்து விரித்தான். அதே பதினான்காம் பக்கம். ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மை. 'முதல் பருவத்தில் அடிப்படைக் கணிதத்துக்குப் பதிலாகப் புள்ளியியல் எடுக்கலாம்.'

"என் தங்கச்சி இதை நம்பிப் புள்ளியியல் எடுத்தா. வருஷம் முடிஞ்சு பாத்தா, அடிப்படைக் கணிதம் இல்லாம ரெண்டாம் வருஷம் போக முடியாதாம். விதி மாறியே ரெண்டு வருஷம் ஆச்சாம்! யார்கிட்ட போனாலும், 'நீதாம்மா விசாரிச்சு எடுத்திருக்கணும்'னு அவ தலையிலயே கட்டிட்டாங்க."

"ஆலோசகர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டாளே! 'எல்லாம் கையேட்டுல இருக்கு, பாத்துக்கோம்மா'ன்னு நாலே நிமிஷத்துல அனுப்பிட்டாங்களாம்."

"எங்க ஆலோசகர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க!"

சொன்னவுடன், மூலையில் காகிதம் மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை நிமிர்ந்தாள். பட்டாசை ஒரு பார்வை பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள்.

"நாளைக்குள்ள அச்சடிக்கலைன்னா வேலை வேற இடத்துக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினாள் பட்டாசு. என்ன திமிர்... அச்சகம் வைத்திருந்தால் பெரிய பேராசிரியர் என்று நினைப்பு!

அலுவலகத்துக்கு வந்து ஈரம் சொட்டச் சொட்ட விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தாள். அவனை மடக்க ஒரே ஒரு வரி கிடைத்தால் போதும்... கிடைக்கவில்லை. அவன் சொன்னதுதான் சரி. விதி மாறியிருந்தது. பழைய கையேட்டையே வருடாவருடம் தேதி மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருட ஆலோசனைப் பதிவேட்டை எடுத்தாள். புள்ளியியல் எடுத்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் நடுவில் எப்படியோ தெரிந்துகொண்டு மாற்றியிருந்தார்கள். ஏழாவது பெயருக்கு எதிரே 'முதலாம் ஆண்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டார்'. அதற்குப் பக்கத்தில், ஆலோசகர் என்ற கட்டத்தில்... அவளுடைய கையெழுத்து.

மூலையில் நிமிர்ந்த அந்த முகம் இப்போது நினைவுக்கு வந்தது. இத்தனை நேரம் அவன் மேல் எரிந்து விழுந்த அந்தக் கோபம் அப்படியே திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

மறுநாள் காலை இயக்குநரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் பதற்றப்படவில்லை.

"ஒரு வரிதானேம்மா? மேடையில வாயால சொல்லிடலாம். திருத்தினா போன வருஷமும் தப்புன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்."

"தப்புதானே சார்!"

"அது நமக்குத் தெரிஞ்சா போதும்."

"ஒரு பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிருக்கு சார்! ஆயிரத்து இருநூறு பேர் மேடையில சொல்றதைக் கேப்பாங்களா, கையில இருக்கறதைப் படிப்பாங்களா? நான் திருத்தறேன். என் கையெழுத்துல. போன வருஷம் அந்தப் பொண்ணுக்குத் தப்பா வழி காட்டினது நான்தான்னு பாடக் குழுவுக்கும் எழுதப் போறேன்."

"யோசிச்சுக்க. அப்புறம் திங்கட்கிழமை மேடையில நீ பேச முடியாது. பதவி உயர்வும் தள்ளிப் போகும்."

"போகட்டும் சார்."

வெளியே வந்து பாடக் குழுவுக்கான கடிதத்தை எழுதி முடித்தாள். நேராக அச்சகத்துக்கு நடந்தாள். அவனைத் தாண்டி மூலைக்குப் போய், அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள்.

"அந்த ஆலோசகர் நான்தான். உனக்கு நேத்தே தெரியும், இல்ல? அண்ணாகிட்ட ஏன் சொல்லலை?"

தங்கை கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு உங்க மேசைக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்னுது மேடம். நீங்க தண்ணி கூடக் குடிக்கலை. பாக்கவே பாவமா இருந்துச்சு..."

"என்னைப் பாத்துப் பாவப்படாதே! கோபப்படு! உன் ஒரு வருஷத்தை நான் நாலு நிமிஷத்துல தொலைச்சிருக்கேன்!"

வேறு ஏதோ வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த மிஷினின் சத்தம் நின்றது. அவன் பின்னால் வந்து நின்றிருந்தான்.

"நீங்களா?"

"ஆமா. மன்னிச்சுக்குங்க."

"மன்னிச்சா போன வருஷம் திரும்பி வந்துடுமா?"

"வராது. வர்ற வருஷத்தையாவது பிடிக்கலாம். அவளை ஒரு மனு எழுதச் சொல்லுங்க. கூடவே என் கடிதமும் போகும்."

கடிதத்தை நீட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். ஒரு தடவை... இன்னொரு தடவை. படித்து முடித்தபோது அந்தக் கண்களில் கோபம் இருந்தது. ஆனால் அது அவள் மேல் இல்லை.

"எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிட்டிருக்கீங்க. கையேடு தப்புன்னு இதுல ஒரு வார்த்தை இல்லையே? அச்சடிச்ச என் பேரையும் சேத்து எழுதுங்க. அந்தப் பழைய பக்கத்தையும் கூட வைங்க. ஒருத்தரே சுமக்கறது நியாயமாங்க?"

அவளுக்கு ஏனோ கண் கலங்கியது. "உங்ககிட்ட யாரு நியாயம் கேட்டா?" என்று சிடுசிடுத்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

அன்று மாலை வரைக்கும் கையேட்டை முழுசாய் உட்கார்ந்து படித்தார்கள். அவன் வாசிக்க, அவள் விதிமுறைப் புத்தகத்தில் சரிபார்க்க... தகரக் கூரையில் மழை தூறிக்கொண்டே இருந்தது.

"'ஆலோசனை அறை, மூன்றாம் மாடி.' மேடம், உங்க கட்டடத்துக்கு எத்தனை மாடி?"

"ரெண்டு..."

"அப்ப பசங்க மொட்டை மாடியில நின்னு ஆலோசனை கேக்கணுமா? உங்க பல்கலைக்கழகத்துல யாராவது எதையாவது படிக்கறீங்களா?"

சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. பீறிட்டுக்கொண்டு வந்தது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்... பிறகு எந்த வரியில் விட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை பெட்டிகள் வந்தன. அவன் வரவில்லை. தங்கைதான் வண்டியில் வந்து இறக்கிவிட்டுப் போனாள். மேடையில் வேறு யாரோ பேசினார்கள். பட்டாசு வாசலுக்கு வெளியே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேசினாள். பின்னால் வரிசை நீண்டது. நீளட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பாடக் குழு முடிவு சொன்னது. தப்பு கையேட்டில்தான், அந்த மாணவி இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம், அடிப்படைக் கணிதத்தைக் கூடவே எழுதிக்கொள்ளலாம்.

தங்கை ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அண்ணாவுக்குப் பேச்சே வரலை மேடம்" என்றாள்.

பேச்சு வராவிட்டால் கால் கூடவா வராது? ஒரு நாள் பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். போன் அடித்தபோதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். மூன்றாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"வேலை முடிஞ்சா அவ்வளவுதானா?" வாசற்படியிலேயே ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தை... எட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல வந்தான். "தினமும் தோணுச்சு."

"அப்புறம்?"

"என் தங்கச்சி காகிதத்துல உங்க கையெழுத்து இருந்துச்சு. முடிவு வர்றதுக்கு முன்னாடி வந்தா, காரியம் ஆகறதுக்காகக் குழையறான்னு ஆகும். முடிவு வந்தப்புறம் வந்தா, நன்றிக்காகச் சொல்றான்னு ஆகும். ரெண்டும் இல்லாத ஒரு நாள் எதுன்னு தேடிக்கிட்டிருந்தேன்."

"எதைச் சொல்ல?"

அவன் தரையைப் பார்த்தான். காதுமடல் சிவந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரையே எதுத்து மிஷினை நிறுத்தத் தெரியுது... இதைச் சொல்லத் தெரியலையா? உங்களை நம்பி உக்காந்திருந்தா எனக்குத் தலை நரைச்சுடும். நானே சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு! மூணு நாளா ஒரு வேலை ஓடலை. அந்தக் கோபம்தான் இது. வேற ஒண்ணும் இல்லை!"

கோபத்தில் ஆரம்பித்த குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள் நிறைந்திருந்தன.

"எனக்கு முதல் நாளே பிடிச்சுப் போச்சு" என்றான் மெதுவாய். "நீங்க என்னைத் திட்டிட்டு மழையில இறங்கிப் போனீங்களே... அப்பவே. தன் மேல தப்புன்னு தெரிஞ்சா இவ திரும்பி வருவான்னு தோணுச்சு. ராத்திரியெல்லாம் வாசலைப் பாத்துக்கிட்டே கிடந்தேன்."

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள் அழுகையும் சிரிப்புமாய்.

"திட்டுங்க... கேக்கறேன்" என்றான் அவன். "இனிமே எங்கயும் போறதா இல்லை."