டைட்டானிக்குக்காக ஒரு மன்னிப்பு

போன் அதிர்ந்தபோது ஆஷ்லின் செக்காலையில் தன் வீட்டு வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கணவனின் எண்.

"ஒரு ஆளைப் பார்த்துட்டு வந்துர்றேன்" என்று நேற்றுச் சாயங்காலம் ஸ்கூட்டரில் கிளம்பிய லூர்து பிரகாஷ் வீடு திரும்பவில்லை. ஸ்கூட்டர் மட்டும் கோட்டையூர் பேருந்து நிறுத்தத்தில் சாவியோடு நின்றது. விடிந்ததும் ஆஷ்லின் போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள்.

வந்தது அழைப்பு அல்ல, வீடியோ. வெள்ளையடித்த ஒரு சுவர். அதன் முன்னால் பிரகாஷ். கீழுதடு வீங்கியிருந்தது. எதிரில் நிற்கும் யாரையோ நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே பேசினான்.

"எல்லாருக்கும் வணக்கம். டைட்டானிக் கப்பலைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய். கப்பல் முழுகாம தப்பிச்சுச்சு, கோட்டையூர்க்காரர் ஒருத்தர் அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்குனாருன்னு சொன்னது பொய். பனிப்பாறைய சர்பத் கடைக்காரர் ஆர்டர் குடுத்து வரவச்சாருங்கிறது பொய். ரெண்டு கப்பலுக்கும் பேர்ப்பலகைய மாத்தி மாட்டுனது பொய். எகிப்து மம்மி சாபம் விட்டதும் பொய். கப்பல்ல இருந்ததே ஒத்தப் புகைபோக்கி, அதுவும் சாஞ்ச புகைபோக்கி. அதுல பணியாரம் சுட்டாகன்னு சொன்னது பொய். டைட்டானிக் கதவுன்னு காட்டுனது தெர்மாகோல். அப்படி ஒரு கதவே கிடையாது. மன்னிச்சுக்கங்க. ஆஷ்லின், வீட்டுலயே இரு."

கீழே ஒரு வரி: 'உடனே சேனல்ல போடு. போலீசுக்குப் போனா ஆள் உசுரோட வரமாட்டான்.'

ஆஷ்லின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போலீசுக்குத்தான் ஏற்கெனவே போயாகிவிட்டதே. மாதாவே, நானே அவரைக் கொன்னுட்டேனா?

பிரகாஷ் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியர். ஞாயிறுதோறும் யூடியூபில் டைட்டானிக்கைப் பற்றி முழு முட்டாள்தனமான சதிக் கதைகளை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொல்லுவான். கேமராவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வது ஆஷ்லின். டவுன் பஸ்ஸுக்கு போர்டு மாற்றுவதுபோல் கப்பலுக்குப் பெயர் மாற்றினார்கள் என்பான். நாலு புகைபோக்கியில் கடைசியில் எஞ்சின் புகை வராது என்ற உண்மையைச் சொல்லிவிட்டு, அதன் அடியில் குழிப்பணியாரம் சுட்டார்கள் என்பான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவரை வெளியானவை ஐந்து. அடுத்ததை எடுத்து முடித்தாயிற்று. இரைச்சல் விழுந்திருந்ததால் ஆஷ்லின் தன் லேப்டாப்பில் அதைச் சீராக்கிக்கொண்டிருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் துர்காதேவி சாதாரணப் புடவையில், ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். வலையபட்டியில் பூட்டிக்கிடந்த ஒரு பெரிய வீட்டில் நடந்த திருட்டை விசாரிக்கக் கிளம்பியவர், போனில் ஆஷ்லினின் குரலைக் கேட்டதும் திரும்பிவிட்டார்.

வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஈஸ்வரன். பழைய வீட்டு மரச்சாமான்களை வாங்கி விற்பவர். பிரகாஷின் நண்பர், படம் எடுக்கத் தன் கிடங்கை வாடகை வாங்காமல் கொடுப்பவர். விஷயம் கேள்விப்பட்டதும் ஃபிளாஸ்கில் காப்பியோடு ஓடிவந்திருந்தார்.

துர்காதேவி வீடியோவை மூன்று முறை பார்த்தார்.

"பகை யாராச்சும் உண்டா?"

"கோட்டையூர் முத்துராமன் சார், மேடம். பழைய இரும்புக்குக் கப்பல் வாங்குனவர்னு அவுக வீட்டைக் காட்டிப் பேசுனோம். வாசல்ல வந்து சத்தம் போட்டாரு. கையைக் காலை முறிப்பேன்னாரு."

"எங்க ஐயாவை இரும்புக்கடைக்காரன்னு சொல்றியான்னு குதிச்சாரு மேடம்" என்றார் ஈஸ்வரன். "மோசமான ஆளு. நான் அப்பவே பிரகாஷ்கிட்ட சொன்னேன்."

"நேத்து யாரைப் பார்க்கப் போனாரு?"

"பேரைச் சொல்லல" என்றாள் ஆஷ்லின். "ஆனா ஒரு மாதிரியா இருந்தாரு. பேப்பரைப் படிச்சுட்டு அப்படியே எந்திரிச்சுப் போனாரு."

"வீடியோவைச் சேனல்ல போடுங்க."

"மேடம்!"

"அவன் கேட்டது கிடைக்கணும். அதுவரைக்கும்தான் உங்க வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. நான் கோட்டையூர் போறேன். நீங்க வெளிய எங்கயும் போகாதீக."

ஆஷ்லின் வீடியோவை ஏற்றினாள். சற்று நேரத்திலேயே கருத்துகள் குவியத் தொடங்கின. 'நடிப்பு சூப்பர் ப்ரோ.' 'உதட்டுக்கு மேக்கப் யாரு?' 'கதவா? எந்தக் கதவு, நான் எதை மிஸ் பண்ணேன்?' 'பணியாரம் பொய்னு சொன்னத மட்டும் ஏத்துக்க முடியாது.' எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஷ்லின் அதற்குமேல் படிக்க முடியாமல் மறுபடியும் கணவனின் முகத்தையே ஓடவிட்டாள்.

ஒத்தப் புகைபோக்கி. சாஞ்ச புகைபோக்கி.

அவள் நிமிர்ந்தாள். பிரகாஷைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டைட்டானிக்குக்கு நாலு புகைபோக்கி. சேனலின் சின்னமே அதுதான். பயத்தில் உளறுகிற ஆள் அல்ல அவன். சாய்ந்த புகைபோக்கி ஒன்று இருக்கிறது. சாக்கோட்டை போகும் வழியில், மூடிக்கிடக்கிற அரிசி ஆலையில். இடி விழுந்து சாய்ந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைக் காட்டி அவன் ஏதாவது சொல்லாமல் இருந்ததில்லை.

"அண்ணே! சாக்கோட்டை ரைஸ் மில்லு! அவரு அங்கதான் இருக்காரு!"

ஈஸ்வரன் ஒரு கணம் அவளையே பார்த்தார். "அது முத்துராமன் மில்லுல்ல? நான் நினைச்சேன் தங்கச்சி. மேடத்துக்குச் சொல்லிட்டீகளா?"

ஆஷ்லின் அழைத்துப் பார்த்தாள். "போன் போகல."

"போற வழியில சொல்லிக்கலாம். என் வேன் நிக்கிது, ஏறுங்க. லேப்டாப்பையும் எடுத்துக்கங்க, போலீஸ் கேக்கும்."

வெளியே போகாதே என்று துர்காதேவி சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் அந்த வீங்கிய உதடும் கண்முன் வந்தது. லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

அதே நேரம் கோட்டையூரில், முத்துராமன் வீட்டு முற்றத்தில் துர்காதேவி நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா, திட்டுனேன்" என்றார் முத்துராமன். "அடிப்பேன்னும் சொன்னேன். ஆனா கடத்துறதுக்கு எனக்கு என்ன கிறுக்கா? வக்கீலை வச்சு நோட்டீஸ் அனுப்பப்போறேன். அதுக்காக அவன் போட்டதை எல்லாம் வரி விடாம பார்த்திருக்கேன்."

"இப்ப மன்னிப்புக் கேட்டுட்டாரே."

"பார்த்தேன். எவனுக்குப் பயந்து கேட்டானோ. இரும்பு வியாபாரத்துக்குக் கேட்டான், சரி. அந்தக் கதவு எதுக்கு வந்துச்சுன்னுதான் தெரியல."

"எந்தக் கதவு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். கப்பல், ஐசு, போர்டு, மம்மி, பணியாரம். அஞ்சையும் பார்த்தாச்சு. கதவுன்னு ஒண்ணு எதுலயும் இல்லையே."

துர்காதேவி தன் கைப்பையைத் திறந்தார். அதில் வலையபட்டிப் புகாரோடு வந்த புகைப்படம் ஒன்று இருந்தது. வெளிநாட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டிலிருந்து திருடுபோன இரட்டைக் கதவு, தேக்கு, நடுவில் பாய்மரக் கப்பல் செதுக்கியது. அந்தப் படம் நேற்றுப் பேப்பரிலும் வந்திருந்தது.

"சாஞ்ச புகைபோக்கின்னு வேற சொன்னாரே. உங்க சாக்கோட்டை மில்லுல இருக்கிறதுதான அது? மில்லு இப்ப யாரு கையில இருக்கு?"

"மூடியே கெடக்கு. மரம் போட்டு வைக்க ஈஸ்வரனுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். ஏன்?"

வேன் ஊரைத் தாண்டியிருந்தது. ஆஷ்லினின் மடியில் போன் அடித்தது.

"மேடம், நான் லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஈஸ்வரண்ணன் கூட சாக்கோட்டைக்கு..."

"ஆஷ்லின்." துர்காதேவியின் குரல் தணிந்திருந்தது. "போனைக் காதோட அழுத்திக்கங்க. நான் கேக்குறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கதவு வீடியோ, அதை வெளிய விட்டீகளா?"

"இ..." லேப்டாப்பில் எத்தனையோ தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்த காட்சி. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. ஊரில் வேறு ஒருவரும் பார்க்கவில்லை என்பதே மறந்துபோயிருந்தது. "இல்ல."

"அதுல கப்பல் செதுக்கியிருந்துச்சா?"

"ஆமா."

"ஈஸ்வரன் கிடங்குல எடுத்ததா?"

தார்ப்பாயை விலக்கி, 'இதோ டைட்டானிக்கின் கதவு!' என்று பிரகாஷ் கத்தியதும், ஈஸ்வரன் பின்னாலேயே ஓடிவந்து மூடியதும் அவள் கண்முன் வந்தன. அன்றைக்கு அதற்கும் சிரித்தாள்.

"ஆமா."

"மில்லுக்குப் போற வரைக்கும் அவன் உங்களைத் தொட மாட்டான். லேப்டாப்பை மட்டும் கையை விட்டு விட்டுறாதீக. மில்லுக்குத் திரும்புற இடத்துல டீக்கடை இருக்கு. அங்க எப்படியாச்சும் இறங்கிருங்க. ஆளுக வாராக."

அவள் போனை மடியில் வைத்தாள். ஈஸ்வரன் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்னவாம்?"

"முத்துராமன் சாரைப் பிடிச்சுட்டாகளாம், அண்ணே."

அவர் தோள் தளர்ந்தது. "நான்தான் சொன்னேன்ல" என்றார். அந்தக் குரலில் இருந்த பாசம் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயங்கரமாயிருந்தது.

தூரத்தில் சாய்ந்த புகைபோக்கி தெரிந்தது. டீக்கடை நெருங்கியது. நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, குமட்டுது. நிப்பாட்டுங்க."

"இந்தா வந்துருச்சு தங்கச்சி. பொறுத்துக்கங்க."

வேன் வேகம் குறையாமல் டீக்கடையை ஒட்டி வந்தது. ஆஷ்லின் விரலைத் தொண்டைக்குள் விட்டாள். காலையில் குடித்த அவர் காப்பி அவர் கைமேலேயே தெறித்தது. ஈஸ்வரன் அருவருத்துப் பிரேக்கை மிதித்தார். கதவைத் திறந்து விழுந்தடித்துக்கொண்டு அவள் ஓடினாள். பை அவளோடுதான் இருந்தது.

"லேப்டாப்பைக் குடுத்துட்டுப் போங்க!" என்று பின்னால் குரல் கேட்டது. இப்போது அதில் தங்கச்சி இல்லை.

டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என்ன ஏது என்று தெரியாமலே இரண்டு பேர் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஈஸ்வரன் சாலை நடுவில் தயங்கினார். சாக்கோட்டைப் பக்கமிருந்து போலீஸ் வண்டி வந்தது. கோட்டையூர்ப் பக்கமிருந்து, சிறிது பிந்தி, துர்காதேவி.

"மேடம், நான் இவுகளுக்கு உதவி செய்யத்தான்..."

"உதவிதான் செஞ்சீக. எனக்கு" என்றார் துர்காதேவி. "நீங்க மன்னிப்புக் கேக்க வச்சது ஆறு பொய்க்கு. ஊரு கேட்டது அஞ்சுதான். ஆறாவது பொய்யைப் பத்தித் தெரிஞ்சவக மூணு பேரு. ஒருத்தரைக் கட்டிப்போட்டிருக்கீக. இன்னொருத்தர் இந்தா நிக்கிறாக. மிச்சம் நீங்க."

ஈஸ்வரன் திகைத்தார். "அந்த வீடியோ சேனல் மெம்பருக்கெல்லாம் முதல்லயே அனுப்பியாச்சுன்னு..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"அனுப்பவே இல்ல" என்றாள் ஆஷ்லின்.

ஆலையின் உள்ளறைப் பூட்டை உடைத்தபோது பிரகாஷ் சுவரோரம் கிடந்தான். கையும் காலும் கட்டியிருந்தன. உயிர் இருந்தது. அடுத்த அறையில் சாக்கு சுற்றிய தூண்கள், அவற்றுக்கு நடுவே அந்தக் கதவு.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அவனால் பேச முடிந்தது. பேப்பரில் கதவின் படத்தைப் பார்த்ததும், ஈஸ்வரன் கூட்டாளியாயிற்றே, முதலில் அவரிடமே கேட்போம் என்று போயிருக்கிறான். சாமானெல்லாம் மில்லுல இருக்கு, வந்து பாரு என்று கூட்டிப்போய் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார். சந்தேகம் முத்துராமன் மேல் விழட்டும் என்று ஸ்கூட்டரைக் கோட்டையூரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"அரிவாளை எடுத்துட்டு வந்தாரு, ஆஷு. அந்த வீடியோ வெளிய வராம இருந்தா நான் ஒருத்தன் செத்தாப் போதும்னு அவரு நினைச்சாரு. அதான் வீடியோ ஏற்கெனவே சேனலுக்குக் காசு கட்டுற மெம்பருக்கெல்லாம் போயிருச்சு, என்னைக் கொன்னா சந்தேகம் உங்க மேலதான் வரும், வேணும்னா எல்லாம் பொய்னு சொல்லிர்றேன்னு கெஞ்சுனேன். சேனல்ல மெம்பருங்கிற ஏற்பாடே கிடையாதுன்னு அவருக்குத் தெரியல." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "புகைபோக்கிய மாத்திச் சொன்னப்ப அவரு எங்க கண்டுபிடிச்சுருவாரோன்னு..."

ஆஷ்லின் அவன் நெற்றியில் கை வைத்தாள்.

வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். கையில் சாப்பாட்டு கேரியர். ஈஸ்வரனின் மனைவி பொன்னுத்தாயி. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"அண்ணன் கிடைச்சுட்டாகன்னு தெருவுல சொன்னாக. வயித்துல பாலை வார்த்தாப்புல இருக்கு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீகன்னு ரசஞ்சோறு கொண்டாந்தேன்." அறையைச் சுற்றிப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளு உங்க கூடத்தான் வந்தாக. போனும் எடுக்கல. எங்குட்டுப் போனாக?"

பிரகாஷ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆஷ்லின் எழுந்து போய் அவள் கையிலிருந்து கேரியரை வாங்கிக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, அக்கா" என்றாள். "முதல்ல உக்காருங்க."