பதினைந்தாவது ப்ராக்ஸி

விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய வீட்டின் முன்னால் துர்காவும் இன்ஜினியர் ராஜவேலுவும் ஆட்டோவை விட்டு இறங்கியபோது காலை பத்தரை. 2004ஆம் வருஷம், சித்திரை மாதம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. வாங்கியவர் அதைக் கிளினிக்காக மாற்றப் போகிறார். பிரேம்குமார் என்கிற விழுப்புரத்துக்காரன் கம்ப்யூட்டரில் பாதிப் படம் வரைந்துவிட்டு, திடீரென்று வேலையை உதறிவிட்டான். அவன் கொடுத்த சிடி போன வாரமே திண்டிவனத்தில் ராஜவேலுவின் ஆபீசுக்கு வந்துவிட்டது. மீதியை அங்கே படம் வரையும் வேலை பார்க்கும் துர்காதான் வரைய வேண்டும். அதற்கு முன் அளவுகளைச் சரிபார்க்க வந்திருந்தார்கள்.

முன்னறையும் கூடமும் கணக்காக வந்தன. மூன்றாவது அறைக் கதவைத் தள்ளியதும் ஒரு வாடை அடித்தது. ஈரத்தோடு முடிந்துபோட்ட தலைமுடி நாட்பட்டால் வருமே, அந்த வாடை. தரையில் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை, அளந்துவிட்டுப் போன பிரேம்குமாருடையதும்கூட.

துர்கா டேப்பின் நுனியை எதிர்ச்சுவரில் வைத்து அழுத்தினாள். ராஜவேலு வாசலில் நின்று இழுத்துப் பிடித்தார்.

"பதிமூணடி."

"படத்துல பன்னெண்டு சார்."

"சுவத்துலதான வெச்சிக்கினு இருக்க?"

"ஆமா சார்."

இருவரும் டேப்பைப் பார்த்தார்கள்.

அது நேராக இல்லை. அறையின் நடுவில், இடுப்பு உயரத்தில், எதையோ சுற்றிக்கொண்டதுபோல் விறைப்பாக வளைந்திருந்தது.

அங்கே ஒன்றுமில்லை.

ராஜவேலு கையை விட்டார். டேப் சுருண்டு அவள் காலடியில் வந்து விழுந்தது. "வாம்மா போலாம். ஜல்தி," என்றார். இருவரும் பஸ் ஏறித் திண்டிவனம் திரும்பினார்கள்.

அவர் சாப்பிடப் போன பிறகு, ஆபீசில் துர்கா அந்தப் படத்தைத் திறந்தாள். வழக்கமான அறிவிப்பு வந்தது. பிரேம்குமார் கதவு ஜன்னல்களை வேறொரு மென்பொருள் வைத்து வரைந்திருந்தான். அது இங்கே இல்லாததால், அவற்றுக்குப் பதில் வெறும் உருவங்கள் மட்டும் தெரியும். தொடலாம், காப்பி எடுக்கலாம். திருத்தவோ அழிக்கவோ விடாது. கல்லூரியில் வராதவனுக்குப் பதிலாக இன்னொருவன் 'உள்ளேன் ஐயா' சொல்வானே, அதே பெயர்தான் இதற்கும்: ப்ராக்ஸி.

கதவும் ஜன்னலுமாக மொத்தம் பதினாலு. அறிவிப்பில் எண்ணிக்கை பதினைந்து என்றிருந்தது.

பதினாலுக்கும் அவற்றை உருவாக்கிய மென்பொருளின் பெயர் இருந்தது. பதினைந்தாவதற்கு அந்த இடம் காலி.

உருவத்துக்குப் பதில் சுற்றுக்கட்டத்தை மட்டும் காட்டச் சொன்னாள். மூன்றாவது அறையின் நடுவில் ஒரு பெட்டி தெரிந்தது. அகலம் ஒன்றரையடி. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

அது துர்காவின் உயரம்.

அழித்துப் பார்த்தாள். அசையவில்லை. சிடி உறையில் இருந்த நம்பருக்கு போன் போட்டாள்.

"அந்தப் பொட்டிய நான் வரையலீங்க," என்றான் பிரேம்குமார், குரலைத் தாழ்த்தி. "அளவெடுத்துக்கினு வந்து வரைஞ்சேன். மறுநாள் தொறந்தா இருக்குது. அப்ப அஞ்சடி எட்டு. என் ஒசரம். அந்தப் படத்துலேர்ந்து எதனா காப்பி பண்ணீங்களா?"

"ஒரே ஒரு ஜன்னலு. போன வாரம், எங்க வீட்டு மாடி பிளானுக்கு."

"வீட்ல யாருன்னா இருக்காங்களா?"

துர்கா போனை வைத்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் அவளும் தங்கை அம்சாவும்தான். அம்சா நாளெல்லாம் வீட்டிலேயே துணி தைப்பவள்.

துர்கா தன் வீட்டுப் பிளானைத் திறந்தாள்.

மாடியில் அவள் காப்பி எடுத்து வைத்த வளைவு ஜன்னல் இருந்தது. கீழே, உள்ளறையில், அந்தப் பெட்டி.

வீட்டுக்கு போன் போட்டாள். தையல் மெஷின் ஓடும் சத்தத்தோடு அம்சா எடுத்தாள்.

"யாருங்க?"

"நான்தான்டி. வீட்ட விட்டு வெளிய வா."

மெஷின் நின்றது.

"யாரு பேசறது?"

"அக்காடி!"

"வெளாடாதீங்க. எங்கக்கா அப்பவே வந்துட்ச்சி. உள்ள தல விரிச்சிப் போட்டுக்கினு உக்காந்துக்கினு இருக்குது."

"அம்சா, அது நான் இல்ல—"

"இருங்க, எந்திரிச்சி வருது," என்றாள் அம்சா. பிறகு போனைத் தள்ளிப் பிடித்து, "என்னாக்கா?" என்று கேட்பது துர்காவின் காதில் விழுந்தது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

செருப்பில்லாமல் ஓடினாள் துர்கா. வீடு ஆபீசிலிருந்து மூன்றாவது தெருவில். கதவு திறந்தே கிடந்தது. மெஷினுக்குக் கீழே அம்சா சுருண்டு கிடந்தாள். அவள் துணி அளக்கும் இஞ்ச் டேப் கழுத்தை மூன்று சுற்று சுற்றி இறுகியிருந்தது. துர்கா கத்திரியை விட்டு வெட்டினாள். அம்சாவுக்கு மூச்சு வந்தது. கண் திறந்து துர்காவைப் பார்த்ததும், உந்திக்கொண்டே சுவர் வரை பின்னால் நகர்ந்தாள்.

"என்ன ஏன்க்கா கொல்லப் பாத்த?"

உள்ளறையில் யாரும் இல்லை. வாடை மட்டும் இருந்தது.

ராஜவேலு சிடியை உடைத்தார். கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார். அந்த வேலையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். துர்கா வீட்டைப் பூட்டிவிட்டு மயிலத்தில் வாடகைக்குப் பார்த்துத் தங்கையைக் கூட்டிப் போனாள். அம்சா நடந்ததையெல்லாம் துர்கா சொல்லக் கேட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அக்கா ஊட்ட வந்தாலும் தட்டை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். அக்கா குளித்துவிட்டு வந்தால் தெருவில் போய் நிற்பாள். ஒரு வருஷம் அப்படித்தான் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு வாத்தியார் வந்தார். சகோதரிகள் இருவரும் வெளியே வந்து படியில் நின்றார்கள்.

"எத்தினி பேரும்மா?"

"ரெண்டு பேருதான் சார். நானும் தங்கச்சியும்."

இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். பேனாவை மூடாமல், அவர்கள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தார்.

"உள்ள நிக்கிறவங்க பேரச் சொல்லலியே?"

அம்சாவின் கை துர்காவின் கையைத் தேடிப் பிடித்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக. இருவரும் திரும்பவில்லை.

வாத்தியார் துர்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"ரெட்டப் பொறப்பாம்மா?" என்றார்.