மண் சொன்ன விலை

மண் மறுபடியும் முடியாது என்றது.

உளுந்து பிடுங்கிய வயலோரம், இடுப்புயரத்தில் நட்டிருந்த மண்வாய்த் தூணின் முன் பொற்கொடி நின்றுகொண்டிருந்தாள். காலில் சலங்கை, கையில் ஒயிலாட்டத் துண்டு. பின்னால் ஆட்டக்காரர்கள் வரப்பிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். ஒத்திகை இன்றைக்கும் நடக்காது என்பது அவர்களுக்கு அவளுக்கு முன்பே தெரியும்.

"ஈரமாக இருக்கிறேன்," என்றது தூண், ரயில் நிலைய அறிவிப்புக் குரலில். "மிதித்தால் இறுகிவிடுவேன். மண்புழுக்களுக்கு மூச்சு முட்டும். ஒப்புதல் இல்லை."

கரிசலுக்குள் ஆள் ஆழத்துக்கு மயிரிழைக் கம்பிகள் பரவியிருந்தன. ஈரம், சூடு, நுண்ணுயிர்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் அவை உணர, நிலத்துக்கு எது நல்லதென்று கணக்குப் போட்டு மண்வாய் தமிழில் பேசியது. ஊர் ஊராக நட்ட தூண்களுக்கிடையே இணைப்பும் உண்டு. ஒரு மண் கற்றது எல்லா மண்ணுக்கும் போய்ச் சேரும். நில ஒப்புதல் சட்டம் வந்தபிறகு உழவோ விதைப்போ ஆட்டமோ, மண் சரி என்றால்தான் உண்டு. அந்தச் சட்டம் வேண்டுமென்று கோவில்பட்டியில் முதன்முதலாகப் பறையடித்து ஊர்வலம் போனது இதே கரிசல் கல்விப் பண்ணைதான். முன்வரிசையில் ஆடிப் போனவள் பண்ணையின் ஆட்ட டீச்சர் பொற்கொடி.

பண்ணை இருப்பது பொது நிலம். லாபம் பார்க்காமல் பிள்ளைகளுக்கு விவசாயமும் கலையும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று அரசு விட்டுவைத்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வருடத்துக்கு ஒருமுறை சுற்றுக் கிராமங்கள் கூடி அந்த மண்மேலேயே கலைவிழா நடத்த வேண்டும். தை முடிவதற்குள் நடக்காவிட்டால் நிலம் குடோன் கட்டக் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். அவர்களுக்கு மண்ணின் ஒப்புதல் வேண்டாமா என்று கேட்டதற்கு, மனை என்று எழுதிவிட்டால் அது சட்டப்படி மண் ஆகாது என்று அதிகாரி விளக்கினார். இதைப் பொற்கொடி மண்ணிடமே சொல்லிப் பார்த்தாள். நிலத்தை மிரட்டுவது குற்றம் என்று அறிவித்துவிட்டு, தூண் மறுநாள்வரை வாய் திறக்கவில்லை.

"தள்ளுங்க டீச்சர், நான் கேக்கிறேன்," என்று வந்தார் பண்ணை மேலாளர் அருஞ்சுனை. அப்பாவின் ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்த மனிதர். நூறு ஆட்டக்காரர்கள், மொத்த நிலம், ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டார். ஒப்புதல் இல்லை என்றது மண்.

"சரி, விடுங்க. வேற மண் பாத்துக்கிறோம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கடைப்படி இறங்குவதற்குள் கூப்பிடாத வியாபாரியை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. வேப்பமரத்தடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கேட் பக்கம் போய், அறாத செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தார். மண் கூப்பிடவில்லை.

"அவர் ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்?" என்று தூண் பொற்கொடியிடம் கேட்டது.

இத்தனை மாதமாக 'நீங்கள்' போட்டுப் பேசியவளுக்கு அன்றைக்குத்தான் மரியாதை தீர்ந்துபோனது.

"நீ கூப்பிடுவேன்னு பாக்கிறாரு. அவருக்கு வேண்டியது ஒரு மூலை, ஒரு நாள். கூடக் கேட்டாத்தான் குறைச்சாவது கிடைக்கும். நீயும் ஏத்திச் சொல்லணும், அப்புறம் எறங்கி வரணும். இதுகூடத் தெரியாம உனக்கெல்லாம் ஒரு வாய்."

தூணின் விளக்கு இரண்டு முறை மினுங்கியது. பிறகு, "வேண்டியது வேறு, கேட்பது வேறு. புரிந்தது," என்றது.

இரண்டு நாள் கழித்து மண்ணே அழைத்தது. அருஞ்சுனை மைக் செட் பேச டவுனுக்குப் போயிருந்தார்.

"மூலையில் ஒரு நாள் ஆடிக்கொள்ளுங்கள். பதிலுக்கு மூன்று வருடம் என்னைத் தரிசாக விட வேண்டும்."

மண் கேட்டதைக் கொடு என்று பிள்ளைகளுக்குப் பாட்டே கட்டிச் சொல்லிக்கொடுத்தவள் பொற்கொடி. அதனிடம் போய்க் காய்கறிக்காரரிடம் பேசுவதுபோல் எப்படிப் பேசுவது? அதோடு அலுத்தும் போயிருந்தாள். சரி என்றாள். பச்சை விளக்கு எரிந்து, ஒப்பந்தம் பதிவானது.

திரும்பி வந்த அருஞ்சுனைக்குக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது.

"சொன்ன விலைக்கேவா முடிச்சீங்க?"

"மண்ணுகிட்டப் போயி பேரம் பேசச் சொல்றீங்களா அண்ணாச்சி?"

அவர் தூண் பக்கம் திரும்பினார். தன் நிலையைப் பற்றிக் கேட்டால் மண்வாய் பொய் சொல்லாது. உண்மையில் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு பருவம். நீங்கள் இறக்குவீர்கள் என்று ஏற்றிச் சொன்னேன். நீங்கள் இறக்கவே இல்லை." கூடவே சொன்னது: "குறைத்துக் கேட்டுவிட்டேனோ என்று இருக்கிறது."

அருஞ்சுனை வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் துக்கம் அவருக்குப் பழக்கமானது. சொன்ன விலையை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டுப் போன வாடிக்கையாளரை நினைத்து அப்பா சாப்பிடாமல் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

விழா நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் மூலையில் ஆடினார்கள். மேளம் நின்றதும் ஒரு சிறுமி வந்து, அடுத்து என்ன விதைக்கப் போகிறோம் டீச்சர் என்று கேட்டாள். பொற்கொடி குனிந்து சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பண்ணை தப்பித்துவிட்டது. பயிர்தான் இல்லை.

அடுத்த பருவம் எட்டயபுரம் பக்கம் ஒருவர் கம்பு விதைக்க ஒப்புதல் கேட்கப் போனார். பத்து வருடம் தரிசு என்றது அவருடைய மண். விவரம் தெரிந்தவர். சிரித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வரப்பு முனையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

மண் கூப்பிடவில்லை. பசி அவருக்குத்தானே.