நான்காம் கிடங்கின் எண்ணிக்கை

ஆறு கிடங்குகளும் ஒரே நொடியில் பதில் சொன்னது கிரேஸுக்கு உறுத்தியது. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் நெல் கிடங்குகள் அவை. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சின்னக் கணினி, உள்ளே ஆட்களை எண்ணும் கேமரா. திருவள்ளூர் அலுவலகத்திலிருந்து அவள் அனுப்பும் கட்டளை ஒவ்வொரு கிடங்காகப் போய், உள்ளே யாரும் இல்லையென்றால் மட்டும் பூச்சி மருந்துப் புகையைத் திறந்துவிடும். நான்காம் கிடங்கு எப்போதும் இழுத்து இழுத்துத்தான் பதில் தரும். இன்று அதுவும் உடனே 0 என்றது. ஆறிலும் புகை திறந்துகொண்டது.

மாலை மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது. ஏசி ஈரச் சாக்கைப் போல நாறியது. கட்டளையை மறுபடி படித்தாள். ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போட்டிருந்தாள். அதனால் எண்ணும் வேலை கிடங்குக்குப் போகாமல் அவள் மேசைக் கணினியிலேயே முடிந்துவிட்டது. இங்கே கேமராவே இல்லை. அந்த வெறும் சுழியம்தான் ஆறு இடத்துக்கும் போயிருக்கிறது.

கர்த்தரே என்று முணுமுணுத்தபடி கிடங்குக் காவலாளி பீட்டரைப் போனில் அழைத்தாள்.

"அண்ணா, லோடு ஆளுங்க எல்லாரும் வெளியதானே இருக்காங்க?"

"அஞ்சு பேரும் என் எதிர்ல டீ குட்ச்சிகினு கீறானுங்க. பூட்டி அரை மணி ஆச்சு. பூச்சியையும் எண்ணிச் சொல்லட்டாம்மா?"

சிரிக்க முயன்றாள். புகையை நிறுத்தினாள், உள்ளே போனது வெளியேற ஒரு மணி நேரமாகும். மேற்கோளைத் திருத்தி, எண்ணிக்கையை மட்டும் கேட்டாள்.

0. 0. 0.

நான்காவது இழுத்தது.

1.

மறுபடி கேட்டாள். 3.

"அண்ணா, அஞ்சு பேரையும் தொட்டு எண்ணுங்க."

எண்ணினார். ஐந்து.

மறுபடி. 7.

போனில் தகரக் கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம். மெதுவாக. பொறுமையாக.

"நாலுல யாரோ தட்றாங்கம்மா." குரலில் கேலி இல்லை.

"தொறக்காதீங்கண்ணா. அது விஷம். முகமூடி கொண்டாரச் சொல்றேன், அதுவரைக்கும்..."

"யாரு பெத்த புள்ளையோம்மா. எப்டி பாத்துகினு நிக்கிறது."

அடுத்தவர் தவிக்கும்போது சும்மா நிற்கத் தெரியாத மனிதர். அதற்காகத்தான் அவரை அவளுக்குப் பிடிக்கும்.

கதவு மேலே சுருளும் சத்தம். செருப்பு நாலு எட்டு வைத்தது. இருமல் இல்லை. அவருக்குப் பின்னால் கதவு இறங்கியது.

"அண்ணா?"

போன் துண்டிக்கப்படவில்லை.

திரையில் 8.

மறுபடி. 8.

மறுபடி.

தட்டல் மீண்டும் தொடங்கியது. பல கைகள். இம்முறை போன் இருந்த பக்கத்திலிருந்தே, கதவுக்கு உள்ளேயிருந்து.