சிவப்புக் கோடு விழாத பக்கம்

"எங்கப்பாவை நான்தான் கொன்னேன்னு சொல்றாங்க. நாளைக்குக் கைது பண்ணிடுவாங்க," என்றாள் வந்தவள். அழுது ஓய்ந்த முகம்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். வேலை கிடைக்கும்வரை என்று வந்து ஒட்டிக்கொண்ட அவருடைய மச்சான், "யாரு மேல சந்தேகம்?" என்று முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டான்.

இறந்தவர் இலக்கியப் பேராசிரியர். பழங்கவிஞர்கள் வெப்பத்தை எப்படிப் பாடினார்கள் என்று நூல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல அவருடைய மாணவர் ஒருவர் தட்டச்சு செய்வார். நேற்று மாலை மாணவர் படியிறங்கினார், மகள் படியேறினாள். இரவு அவள் அலறியபோது அப்பா சாய்வு நாற்காலியில் பிணம். யாரோ தலையணையால் மூச்சை அடைத்திருந்தார்கள். குளிருக்கு மூட்டிய கணப்பு அறையில் எரிந்து உடல் சூடு ஆறாமல் இருந்ததால், உயிர் எப்போது போனது என்று மருத்துவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பேராசிரியர் வீட்டில் இன்ஸ்பெக்டரும் மாணவரும் காத்திருந்தார்கள்.

"நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஐயா சொன்ன பக்கம் சார் இது. வாசிச்சுப் பார்த்துட்டு சரின்னுட்டாரு," என்றார் மாணவர்.

"அப்ப உயிரோட இருந்திருக்காரு. அப்புறம் உள்ள இருந்தது இந்தம்மா மட்டும்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் கம்பளத்தைப் புரட்டிக் காலடித் தடம் தேடினான். தும்மல்தான் வந்தது. துப்பறிவாளரோ நூலின் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மச்சான், இங்க வா. 'மணலின் வெப்பநிலை', 'பிரிந்தவள் உடலின் வெப்பநிலை'. எல்லாத்தையும் சிவப்புல அடிச்சு 'வெம்மை'ன்னு மாத்தியிருக்கு."

"இவரு அறிவியல் படிச்சவரு. கை தானா அப்படித் தட்டிடும்," என்றாள் மகள், மாணவரைக் காட்டி. "வெப்பநிலை கருவி காட்டுற எண், பழைய கவிஞன் கையில கருவியா இருந்துச்சுன்னு அப்பா கத்துவாரு. ஒரு இடம் விடமாட்டாரு."

"கடைசிப் பக்கத்துல 'வெப்பநிலை' மூணு இடத்துல இருக்கு. ஒரு கோடுகூட இல்ல," என்றார் துப்பறிவாளர்.

மச்சான் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தான். "அத்தான், அப்ப அவரு இதைப் பார்க்கவே இல்ல!"

"பார்க்க உயிர் இல்ல. கொன்னுட்டு, பிணத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து இவரே தட்டியிருக்காரு."

மாணவர் மறுக்கவில்லை. "முன்னுரையிலயாவது என் பேரைப் போடுங்கன்னு கெஞ்சினேன். தட்டச்சு பண்ணவனுக்கெல்லாம் பேரான்னு சிரிச்சாரு."

இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்தார். மகள் வழிமறித்து நின்றாள்.

"படியில என்னைப் பார்த்து என்ன சொன்னீங்க? 'அப்பா இப்பதான் கண்ணசந்தாரு, எழுப்பாதீங்க'ன்னு சொன்னீங்களே. ராத்திரி வரைக்கும் சத்தம் போடாம அவரு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்."