கடைசி எண்

கோப்பின் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் மட்டும் நின்றது. முன்ஜி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். 997. காலையில் லினக்ஸ் சர்வரிலிருந்து ஒரு பழைய மென்பொருளை நீக்கியபோது, அதற்கென்று இருந்த பயனர் கணக்கையும், சுத்தமாக இருக்கட்டுமே என்று அழித்திருந்தான். பெயர் போய்விட்டது. அது விட்டுப்போன கோப்புகள் எண்ணைச் சுமந்துகொண்டு அங்கேயே கிடந்தன.

நோன்பு மாதத்துச் சாயங்காலம். ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆலிவ் எண்ணெய் அலுவலகத்தில் அவனைத் தவிர எல்லோரும் நோன்பு திறக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆலிவ் சக்கையின் புளித்த வாடை ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து, சூடேறிய தூசியின் மணத்தோடு கலந்து நின்றது. சர்வர் விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் வந்து வந்து போனது.

புது மென்பொருளை நிறுவினான். அது தனக்கொரு கணக்கைத் தானே உண்டாக்கிக்கொண்டு, காலியாகக் கிடந்த எண்ணையும் எடுத்துக்கொண்டது. 997. போனதன் கோப்புகள் அத்தனையிலும் இப்போது வந்ததன் பெயர், ஆதியிலிருந்தே தன்னுடையவை என்பதுபோல.

கைபேசி அடித்தது. மேலாளர் பெஷிர். வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன்டா, கணக்கைப் பூட்டி வை, அழிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பசி மயக்கம், அண்ணே..."

"ஊர்ல நீ ஒருத்தன்தான் நோன்பா? மெஷினுக்குப் பேரெல்லாம் ஒரு பொருட்டா? நம்பர் யார்கிட்ட இருக்கோ, சொத்து அவனோடது. உன் மண்டையில ஏற ஒரு வழி இருக்கு, இரு." விசைகள் தட்டும் சத்தம். "உன் கணக்கை அழிச்சாச்சு."

"அண்ணே, விளையாடாதீங்க."

"புதுசா ஒருத்தன் சேர்றான். அவனுக்கும் கணக்குப் போட்டுட்டேன். நீதானே இங்க கடைசியா வந்தவன்? உன் நம்பர் அவனுக்கு விழுந்துடுச்சு." பெஷிர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உன்னோடதெல்லாம் இனி அவனுக்கு! போ, போய் சூப்பைக் குடி."

விசிறிகளுக்கு அடியில் கேட்ட மூச்சு நின்றிருந்தது.

முன்ஜி திரும்பினான். நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டைக் காணோம். அதன் பையிலிருந்த வீட்டுச் சாவியும் அதோடு போயிருந்தது. தாழிட்டு வைத்த கதவு திறந்து கிடந்தது.

அவன் ஓடினான். நோன்பு திறக்கும் நேரத்துப் பீரங்கி முழங்கி ஓய்ந்த தெருவில் ஒரு பூனைகூட இல்லை. மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் கிண்ணங்களில் கரண்டி உரசும் ஒலி மட்டும் வீடு வீடாக அவனைத் தொடர்ந்து வந்தது. வீட்டில் மனைவி ஹாயெத் தனியாக இருப்பாள். குழந்தை தனியாக. அதை மட்டுமே நினைத்தான்.

கதவைத் தட்டினான். ஹாயெத் பாதி திறந்தாள். எண்ணெயில் பொரித்த பிரிக் பலகாரத்தின் வாசனை முகத்தில் அடித்தது.

"ஹாயெத், யாராவது வந்தாங்களா?"

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பயமும் இல்லை. இரக்கம்.

"யாருடி அது?" உள்ளிருந்து ஓர் ஆண் குரல். முன்ஜியின் குரலே.

"யாரோ வழிப்போக்கருங்க. என் பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காரு, பாவம்."

"பேரீச்சம்பழம் ரெண்டு குடுத்து அனுப்பு. கதவைச் சாத்து, காத்து வருது."

அவன் உள்ளங்கையில் பழங்கள் விழுந்தன. அவளுடைய விரல் நுனி பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது.

ஜன்னலுக்கு ஓடினான். அவனுடைய கோட்டு. அவனுடைய நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவனின் முதுகு. மடியில் குழந்தை யோஸ்ரா, வாயைச் சுற்றி சூப்போடு.

குழந்தை முன்ஜியைப் பார்த்தது. அடையாளம் தெரிந்துவிட்டது. "பாபா!" என்று ஜன்னல் பக்கம் தாவியது.

நாற்காலியில் இருந்தவன் திரும்பவில்லை. குழந்தையின் மணிக்கட்டை மெல்லப் பிடித்தான். உயர்த்தினான். அது வீறிட்டு அழ அழ, அந்தச் சின்னக் கையை அசைத்து அவனுக்கு டாட்டா காட்ட வைத்தான்.