மூன்று குப்பிகளும் ஒரு கோப்பும்

காலை 9.10.

தோல் கிளினிக் டாக்டர், நர்ஸிடம் சாவி வாங்கிக் குளிர்பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இரண்டாம் தடவை திறந்தால் இருக்கும் என்று நினைப்பது படித்தவர்களுக்கும் உள்ள பழக்கம்தான். மேல் தட்டில், உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசிகள் நேற்று வைத்தபடியே அடுக்காக இருந்தன. கீழ்த் தட்டில் இருக்க வேண்டிய சின்ன வெள்ளைப் பெட்டியைக் காணவில்லை.

அந்தப் பெட்டியில் மூன்று குப்பிகள். ஃபில்லர் தப்பிப் போய் இரத்தக் குழாயை அடைத்துவிட்டால் அதைக் கரைக்கிற மருந்து. வருடத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படாது. ஆனால் அது கைவசம் இல்லாமல் யார் உதட்டிலும் ஊசி வைப்பதில்லை என்பது டாக்டரின் சட்டம். புதுப் பெட்டி வர நாளை ஆகும். அன்றைக்கோ ஒன்பது உதடுகள் முன்பதிவாகியிருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் வருடத்துக்கே ஒன்பது பேர் வந்தால் அதிகம். இப்போது கல்லூரிப் பெண்கள் வருகிறார்கள், தலைமை ஆசிரியைகள் வருகிறார்கள், போன வாரம் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்து வெட்கப்பட்டுக்கொண்டே விலை கேட்டுவிட்டுப் போனார்.

குளிர்பெட்டிக்கு ஒரே சாவி. அது இருப்பது நர்ஸிடம். டாக்டர் யோசிக்கவில்லை. போலீஸுக்குப் போன் போட்டார்.

காலை 9.40.

வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். தடித்த கண்ணாடி போட்டிருப்பார் என்பதால் ஸ்டேஷனில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் என்று சக ஊழியர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு முதல் நாளே தெரியும்.

வரவேற்பறைச் சோபாவில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அன்றைய முதல் ஆள், புதிதாக வந்தவள். மடியில் நீலக் கோப்பு. அட்டையில் பெரிய எழுத்தில் 4118. சுவர் முழுக்க ‘முன்’, ‘பின்’ என்று ஜோடி ஜோடியாக உதட்டுப் படங்கள். பூதக்கண்ணாடி அவற்றைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் உதட்டையும் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டபின்.

"என்ன போச்சு, டாக்டர்?"

"கரைக்கிற மருந்து. ஒரு பெட்டி."

"விலை கூடுதலா?"

"மேல் தட்டுல இருக்கிற ஒரு ஊசியோட விலைக்கு இந்த மாதிரி நாலு பெட்டி வாங்கலாம்."

"மேல் தட்டுல எதுவும் போகலையா?"

"போகலை. எண்ணிப் பார்த்துட்டேன்."

"நகைக்கடைக்குள்ள புகுந்து துடைப்பத்தை எடுத்துட்டுப் போயிருக்கான். சரி. காலையில யார் யார் இருந்தாங்க?"

மூன்று பேர். நர்ஸ், வரவேற்பில் இருக்கும் பெண், கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. டாக்டர் வந்ததே ஒன்பது மணிக்கு.

"நர்ஸ் மேல புகார் எழுதிக்கோங்க, மேடம். சாவி அவங்ககிட்ட. வேற யாரு எடுக்க முடியும்?"

காலை 9.55.

நர்ஸின் கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. பதினொரு வருடமாக இங்கே வேலை. புகார் பதிவானால் நர்ஸ் பதிவே ரத்தாகிவிடும், பிறகு எந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட நிற்க விடாது.

"பெட்டியைக் கடைசியா எப்போ பார்த்தீங்க, சிஸ்டர்?"

"ஏழரைக்கு. தினமும் வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து வெப்பநிலையைப் பார்த்து எழுதணும். அப்போ இருந்தது."

"சாவி?"

"எங்கிட்டதான் இருந்தது."

"எங்க?"

"எங்கிட்டதான், மேடம்."

பூதக்கண்ணாடி அவருடைய பச்சை அங்கியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதுல பையே இல்லையே, சிஸ்டர்."

நர்ஸ் உடைந்து போனார். "ஃபைல் ரூம் ஆணியில மாட்டுவேன். பதினோரு வருஷமா அங்கதான். கூடாதுன்னு தெரியும். சார்கிட்ட சொன்னா அதுக்கே வேலை போயிடும்னு பயந்து..."

"அந்த ரூமுக்கு யார் போவாங்க?"

"எல்லாரும்தான். ஃபைல் எடுக்க வருவாங்க. அக்கா அங்கேயே இருப்பாங்க."

"வேலை செய்யிற முறை ஒண்ணு சொல்லுங்க. குளிர்பெட்டியிலேர்ந்து மருந்து எடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"பெட்டி மேல பேட்ச் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். உரிச்சு அந்தப் பேஷன்ட் ஃபைல்ல ஒட்டணும், நேரம் எழுதணும். ஒட்டலைன்னா அக்கா விடவே மாட்டாங்க. ஒரு தடவை வீட்டுக்குப் போனவளைத் திரும்ப வரவழைச்சு ஒட்ட வெச்சாங்க."

காலை 10.10.

வரவேற்புப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருடத்தில் ஒருநாளும் முகக்கவசம் போடாதவள், இன்றைக்குப் போட்டிருந்தாள். டாக்டர் அதை அப்போதுதான் கவனித்தார். அவர் புருவம் ஏறியது.

"சளியா?" என்றார் பூதக்கண்ணாடி.

"ஆமா... இல்லை மேடம்."

"ரெண்டுல எது?"

"கழட்டணுமா?"

"டாக்டர் வெளியே போவார். நீ கழட்டு."

கழற்றினாள். உதடுகள் பிறந்தபடியே இருந்தன. உதட்டுக்கு மேலேதான் பட்டையாகச் சிவந்திருந்தது. மீசை முடி எடுக்க வீட்டில் மெழுகு காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க ஒட்டியிருக்கிறாள்.

"சிரிக்காதீங்க, மேடம்."

"சிரிக்கலை. நான் பண்ணப்போ புருவமே போச்சு." பூதக்கண்ணாடி மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார். நேற்று கடைசியாகப் பதிவான புது ஆளின் எண் 4116. "புது ஆளுக்குக் கோப்பு யார் தருவாங்க?"

"அக்கா காலையிலேயே நம்பர் எழுதி அடுக்கி வெச்சிடுவாங்க. நான் மேலே இருக்கிறதை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்."

"ஃபைல் ரூமுக்கு இன்னிக்குப் போனியா?"

"டீ கொடுக்க ஒரு தடவை, மேடம். அக்காவுக்கு வாய் வேகிற சூட்டுல இருக்கணும். கொஞ்சம் ஆறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க."

காலை 10.25.

கோப்பு அறை குறுகலானது. தரையிலிருந்து கூரை வரை தட்டுகள், நீல அட்டைகள், ஒன்றுகூட வரிசை பிசகாமல். நடுவில் ஐம்பத்தொரு வயது அக்கா. பத்தொன்பது வருடமாக இந்த அறையின் ராணி. காகிதத் தூசி ஒத்துக்கொள்ளாது என்பதால் எப்போதும் முகக்கவசத்தோடுதான் இருப்பார். அதனால் அவர் முகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மேசையில் டீ. மேலே ஏடு படிந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை, படம் உள்பக்கமாக இருக்கும்படி திரும்பியிருந்தது. காலடியில் சாப்பாட்டுப் பை. ஏசி போட்ட அறையில் அந்தப் பை மட்டும் வேர்த்து, தரையில் சின்னதாக ஈரம் கட்டியிருந்தது.

"சாவி இங்கதான் தொங்குமா, அக்கா?"

"ஆமா."

"யாராவது எடுத்ததைப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"புது அட்டையா? நல்லா இருக்கே. படம் எப்போ எடுத்தாங்க?"

"போன மாசம்." அக்காவின் கை தன்னையறியாமல் அட்டையை மூடியது.

"இங்க வர்றவங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"பைத்தியம்," என்றார் அக்கா, மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக. "உதட்டுக்கு ஊசி. வேலையத்த வேலை."

இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிவந்த வசனம்தான். இன்றைக்குச் சொல்லும்போது கண் கலங்கியது. பூதக்கண்ணாடி எழுந்து தட்டின் கடைசி வரிசைக்குப் போனார். விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பை உருவினார்.

காலை 10.35.

துப்பறிகிறவர்கள் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி வைத்து, மீசையை முறுக்கிக்கொண்டு பெயர் சொல்வது வழக்கம். பூதக்கண்ணாடிக்கு மீசையும் இல்லை, அந்த ஆசையும் இல்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விலை உயர்ந்ததை விட்டுட்டு இந்தப் பெட்டியை எடுத்தது பணத்துக்காக இல்லை, அக்கா. யாருக்கோ அது அவசரமாத் தேவைப்படுது. யாரோ ஒருத்தருக்கு உதடு கெட்டுப்போய்க்கிட்டிருக்கு. வரவேற்புல இருக்கிற பொண்ணுன்னுதான் நானும் நினைச்சேன். அவ பண்ணின கூத்து வேற."

அக்காவின் கால் சாப்பாட்டுப் பையை மேசைக்கடியில் தள்ளியது.

"சூடா இல்லைன்னா திருப்பி அனுப்புறவங்க டீயைத் தொடவே இல்லை. சாப்பாட்டுப் பைக்குள்ள யாரும் பனிக்கட்டி வைக்கிறதில்லை. அதெல்லாம்கூட விடுங்க. நேத்து கடைசி நம்பர் 4116. இன்னிக்கு முதல்ல வந்த பொண்ணு மடியில 4118. நடுவுல ஒண்ணு எங்கேன்னு யோசிச்சேன். வேற யாரா இருந்தாலும் தொலைஞ்சு போச்சுன்னு விட்டிருப்பேன். இந்த அறையில நம்பர் தொலையாது."

கையிலிருந்த கோப்பைத் திறந்து மேசையில் வைத்தார். 4117. பெயர் என்ற இடம் காலி. வயது: 51. கீழே நேராக, கோடு போட்டதுபோல், ஒரு ஸ்டிக்கர். கரைக்கும் மருந்து. பக்கத்தில் நேரம்: காலை 7.50.

"எந்தத் திருடன் அக்கா ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போவான்?"

அக்கா சிரித்தார் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை. "ஒட்டாம எடுக்க முடியலை, மேடம். கை போகலை."

முகக்கவசத்தை இறக்கினார். மேலுதடு வீங்கி, இடது பக்கம் வெளுத்து, மூக்குக்குக் கீழே நீலம் வலைபோல் படர்ந்திருந்தது.

"எங்க போட்டீங்க?"

"வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பார்லர். நேத்து சாயங்காலம் ஆறு மணி."

"இங்கேயே டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்பேன்? எத்தனை பேரைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன்!" அட்டையைத் திருப்பிக் காட்டினார். படத்தில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் இழுத்த ஒரு கோடு. "இதைப் பாருங்க. எனக்கும் உதடுன்னு ஒண்ணு இருந்துச்சு, மேடம். எப்போ போச்சுன்னே தெரியலை. ஆயிரம் பேர் சந்தோஷமாப் போறதை இந்த ஃபைல்லதான் பார்க்கிறேன். ஒரே ஒரு தடவை..." முடிக்க வலி விடவில்லை. "காலையில வெளுத்திருந்தது. என்னன்னு தெரிஞ்சுபோச்சு. எத்தனை ஃபைல் படிச்சிருக்கேன். மத்தியானம் பார்லர்காரிகிட்ட கொடுத்துப் போட்டுக்கிட்டு, திரும்பி வந்து நானே சொல்லிடலாம்னு இருந்தேன்."

"மத்தியானம் வரைக்கும் தாங்காது, அக்கா. எந்திரிங்க."

காலை 10.45.

டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கோபத்தை மறந்துவிட்டார். அதற்காகவே அவரை மன்னிக்கலாம். உதட்டை விரலால் அழுத்தி விட்டார். வெள்ளை, வெள்ளையாகவே நின்றது.

"என்ன ஃபில்லர்? கரையிற வகையா, கரையாததா? பார்லர்ல எதை வேணாலும் ஏத்துவாங்க. தெரியாம வைத்தியம் பண்றது குருட்டுத்தனம்."

"ஃபைல்ல பக்கத்தைத் திருப்புங்க, சார்," என்றார் அக்கா.

திருப்பினார்கள். அங்கே இன்னொரு ஸ்டிக்கர், இதுவும் கோணாமல். நேற்று மாலை 6.00. பார்லர்காரி குப்பையில் போட்ட பெட்டியிலிருந்து அக்கா உரித்துக்கொண்டு வந்தது. டாக்டர் படித்துவிட்டு மூச்சு விட்டார். "கரையும். நேரம் இருக்கு. மருந்து எங்க?"

அக்கா சாப்பாட்டுப் பையைத் திறந்து, பனிக்கட்டிகளுக்கு நடுவிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொள்ள வந்த கை நர்ஸுடையது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் பெட்டியைப் பிரித்தார், மருந்தைக் கலந்தார். கலக்கும்போதே, நிமிராமல் சொன்னார்: "போலீஸ் என்னைக் கேள்வி கேட்கும்போது நீங்க அடுத்த ரூம்லதானே இருந்தீங்க, அக்கா?"

"ஆமா."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "பாவி நான். எழுந்து வர நினைச்சேன். கால் வரலை."

நர்ஸுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் ஊசி உள்ளே போனபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஊசிக்கும் விடவில்லை.

பகல் 12.50.

டாக்டர் மறுபடி உதட்டை அழுத்தி விட்டார். வெள்ளை மெல்ல மெல்ல இளஞ்சிவப்பானது. எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். நீலம் போக நாளாகும், தழும்பு இராது என்றார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, அவ்வளவு படித்தவருக்கு வார்த்தை கிடைக்காமல், "மன்னிச்சிடுங்க, சிஸ்டர். கேட்காமலே போன் பண்ணிட்டேன்" என்றார்.

"சாவிக்கு ஒரு பையாவது தைச்சுக் கொடுங்க, சார்," என்றார் நர்ஸ்.

பூதக்கண்ணாடி குறிப்பேட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினார்: மருந்து நோயாளிக்கே பயன்பட்டது, கோப்பில் பதிவாகியுள்ளது, புகார் இல்லை. பார்லரின் முகவரியை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டார். அங்கே அவருக்கு வேலை இருந்தது.

சோபாவில் இருந்த பெண்ணை வேறு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, முன்பதிவு செய்த மற்ற எட்டுப் பேருக்கும் வரவேற்புப் பெண் போன் செய்துகொண்டிருந்தாள். நர்ஸ் 4117ஐ எடுத்துவந்தார். சிகிச்சை நேரத்தை எழுதினார். பேனா மேலே போய் நின்றது.

"பேர் இடம் காலியா இருக்கு, அக்கா. அப்படியே விட்டுடவா? யாருக்கும் தெரியாது."

அக்கா நீலக் கோப்பைப் பார்த்தார். கோப்பு அறையில் நாலாயிரத்துச் சொச்சம் பெயர்களைத் தன் கையால் எழுதியவர். காலிக் கட்டம் இருந்தால் யாரையும் விட்டதில்லை. வீங்கிய உதட்டால் ஒரு பக்கமாகச் சொன்னார்:

"எழுது. முழுப் பேரா எழுது."